கம்பத்தில் தொங்கிய தொப்பி

பாய்ஸி, ஐடஹோ
மார்ச் 4

ரொவீனா,

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் சங்கடமான கேள்வி வந்தால் போதும், உன் கடைக்கு உடனே ஆள் வந்துவிடும். கோழித் தீவனம் கேட்டு இத்தனை பேர் வருகிற ஊரா அது? அதனால்தான் தபால். இதைக் கையில் வைத்துக்கொண்டு நீ எங்கும் ஓட முடியாது.

கண் டாக்டரைப் பார்க்க ஊரிலிருந்து வந்த வெர்னா நேற்று என்னையும் பார்க்க வந்தாள். என் மகன் கிளின்ட் வாங்கி வைத்திருக்கும் வெள்ளை சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் மருமகள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, ரொம்ப இரக்கப்படுகிறவளைப் போலச் சொன்னாள். "ஐடெல்லா, உன் இடம் காலியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்காதே. ஞாயித்துக்கிழமை ஆனா ரொவீனா அந்த போர்ட்லண்டுக்காரியை வண்டியில ஏத்திக்கிட்டுக் கழுதைப் பள்ளத்துக்குப் போறா. சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது."

செலெஸ்டா? நாம் டின் வைத்துச் சுடுகிற அந்தப் பள்ளத்தின் குன்றுக்குப் பின்னால் வீட்டை வாங்கிக்கொண்டு வந்த மறு மாதமே, "இங்கே யாரும் சுடக் கூடாது, இது பொதுநிலம்" என்று நில அலுவலகத்துக்கு மனுப் போட்டாளே, செலெஸ்ட் என்கிற அவளா? "கோழிக்கு ஸ்வெட்டர் பின்னுறவ கூட நமக்கு என்னடி பேச்சு" என்று சொன்னவள் நீதானே. பொதுநிலம் என்றால் நாமும் பொதுமக்கள்தான் என்று அலுவலகத்தில் மேசையைத் தட்டியவளும் நீதான்.

என் நிலைமையைக் கேள். முட்டி ஆபரேஷன் ஆறிவிட்டது, கார் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கிளின்ட் என்னை ஊருக்கு அனுப்புவதாக இல்லை. இங்கே சுட வேண்டுமென்றால் ஒரு கட்டடத்துக்குள் போய்க் காசு கட்டி, சுவரைப் பார்த்து நின்று, காகிதத்தில் அச்சடித்த ஆளைச் சுட வேண்டும். எனக்கு முன்பின் தெரியாதவனை நான் ஏன் சுட வேண்டும்? எனக்கு வேண்டியது ஒரு தக்காளி சாஸ் டின். போன வாரம் நன்றாகச் சுட்டுவிட்டு, பக்கத்தில் நீ நிற்கிறாய் என்ற நினைப்பில் திரும்பி, "பாத்தியாடி?" என்று கேட்டேன். அங்கே நின்றவன் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

ஒன்றை மட்டும் சொல். என் ஆரஞ்சுத் தொப்பி எங்கே இருக்கிறது? சூடான தோட்டாக்கூடு விழுந்து முன்பக்கம் ஓட்டையான அதே தொப்பிதான். குறிகளை மாற்றவோ கூடுகளைப் பொறுக்கவோ அந்தப் பக்கம் போகிறவர் தொப்பியைப் பள்ளத்துக்கு மேலே நிற்கும் கம்பத்தில் மாட்ட வேண்டும், தொப்பி தொங்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, மாட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும். நீயும் நானும் போட்ட சட்டம் அது. குடித்துவிட்டு வருகிறவன்கூட மீறியதில்லை. ஊரை விட்டு வரும்போது அதை உன் கையில் கொடுத்து, வேறு யார் தலையிலும் ஏறக் கூடாது என்று சொன்னேன். நினைவிருக்கிறதல்லவா?

ஐடெல்லா

•

கார்வர் ஃபெர்ரி
மார்ச் 13

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

கடிதத்தைக் கடையில்தான் பிரித்தேன். நிஜமாகவே ஆள் வந்துவிட்டார், கோழித் தீவனம் கேட்டு. உன்னை நினைத்துக்கொண்டே எடை போட்டுக் கொடுத்தேன்.

வெர்னா சொன்னது உண்மை. நான் ஒளித்து வைக்கவில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஜனவரியில் செலெஸ்ட் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் ஆட்டுக் கொட்டகையில் இருந்து பெயர்த்த பலகை. நடுவில் தோட்டா துளைத்த ஓட்டை. "நான் பால் கறக்கக் குந்துற இடத்துக்கு நேரா இருக்கு இது. தள்ளி உக்காந்திருந்ததால நான் இப்ப உங்க கூடப் பேசிட்டு இருக்கேன்" என்றாள். கத்தவில்லை, திட்டவில்லை, கண்ணீர் விடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு உப்புக்கட்டி வாங்கிக்கொண்டு போனாள். அதை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு அவளைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனேன். எவன் எவனோ கொண்டுவந்து போட்ட டிவியும் துணி துவைக்கும் மெஷினும் சல்லடையாகக் கிடக்கின்றன. கண்ணாடிச் சில்லும் தோட்டாக்கூடும் கால் வைக்க இடமில்லாமல் இருக்கின்றன. ரோட்டுக்குக் குறுக்கே சுடுகிறார்கள், குன்றின் மேல்விளிம்பைச் சுடுகிறார்கள். நீ இருந்தபோது உன் வாய்க்குப் பயந்தாவது ஒழுங்காக இருந்தார்கள். கடைசியில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். மே மாதத்துக்குள் பள்ளத்தைச் சுத்தம் செய்து, குறிகளுக்குப் பின்னால் உயரமாக மண்மேடு போட்டுவிட்டால் அவள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வாள். இல்லாவிட்டால் நில அலுவலகம் பள்ளத்தை மூடிவிடும். ஊரில் வேறு யாரும் குனிந்து ஒரு கூட்டைப் பொறுக்க வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் பொறுக்குகிறோம்.

அவளுக்கு நகைச்சுவை உண்டு, ஐடெல்லா. கோழி ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டேன். இறகு உதிர்ந்த ஒரே ஒரு கோழிக்குத்தான் பின்னினாளாம், அதுவும் இரண்டாம் நாளே செத்துப் போயிற்றாம். "கலர் பிடிக்கலை போல" என்றாள்.

தொப்பி பத்திரமாக இருக்கிறது. என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. மே முதல் ஞாயிறு மேடு போடுகிறோம். நீ வந்து முதல் டின்னைச் சுட வேண்டும். வா.

ரொவீனா

•

பாய்ஸி
மார்ச் 30

ரொவீனா,

உன் கடிதத்தில் செலெஸ்ட் எத்தனை தடவை வருகிறாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். என் முட்டி எத்தனை தடவை வருகிறது என்றும் பார்த்தேன். வரவே இல்லை.

எனக்குப் பொறாமை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். ஆமாம், பொறாமைதான். அதில் என்ன வெட்கம்? என் புருஷன் இன்னொருத்தியோடு நடன அரங்கத்துக்குப் போய்வந்த காலத்தில்கூட எனக்கு இப்படி எரியவில்லை. அந்த மனிதனைப் பற்றி நான் பெரிதாக எதையும் நினைத்ததில்லை. உன்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அவள் நம்மை மூட வந்தவள். ஒரு பலகையைக் காட்டினாள், கண்ணீர் விட்டாள், நீ உருகிவிட்டாய். கண்ணீர் விடவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய், அதுதான் இன்னும் கெட்டிக்காரத்தனம். பள்ளத்தைத் துடைத்துப் பெருக்கி அழகாக்கிய பிறகு அங்கே யோகா வகுப்பு நடத்துவாள், பார்த்துக்கொண்டே இரு.

மே மாதம் நான் வரவில்லை. முதல் டின்னை அவளையே சுடச் சொல். துப்பாக்கியின் எந்த முனை முன்பக்கம் என்று நீயே கற்றுக்கொடு. எனக்குக் கற்றுக்கொடுத்தாயே, அதேபோல, பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு.

தொப்பி அந்த ஆணியை விட்டு அசையக் கூடாது. அவ்வளவுதான்.

ஐ.

•

கார்வர் ஃபெர்ரி
ஏப்ரல் 17

ஐடெல்லா,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கிளின்ட்டிடம் சொல்லச் சொன்னேன். சொன்னானா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை செலெஸ்டைச் சுட்டுவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது தோளுக்குக் கீழே பட்டுக் கையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை, மடங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார்கள்.

கடைக்கு விடுமுறை என்பதால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்தின் மறுகோடியில், பழைய மெஷின்களுக்குப் பின்னால் ஓடையில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மேலே கம்பத்தில் தொப்பி மாட்டிவிட்டுத்தான் இறங்கினோம். கூரை வேலை செய்கிற டுவெய்ன் வந்திருக்கிறான். என் வண்டி நிற்பதைப் பார்த்து இரண்டு முறை கூப்பிட்டானாம். காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது, எங்களுக்குக் கேட்கவில்லை. யாரோ ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துச் சுட்டான். மெஷினில் பட்டுத் திரும்பிய தோட்டா அது. அவள் முதலில் "ஏதோ குளவி" என்றாள். அப்புறம்தான் கையைப் பார்த்தாள்.

டுவெய்ன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் ஒரே பேச்சு. "கம்பத்துல தொப்பி இல்லீங்க. நான் பாத்தேன். சத்தியமா இல்லீங்க." இப்போது ஊரில் ஒருவரும் அவனை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்தபோது தொப்பியைக் காணோம். பயத்தில் அவனே எடுத்து ஆற்றில் போட்டிருப்பான் என்று ஷெரிஃப் சொல்கிறார். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மே பன்னிரண்டாம் தேதி விசாரணை. சிறைக்குப் போக வேண்டிவரும் என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் மனைவி கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

பள்ளத்துக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள்.

இங்கே பேச ஆள் இல்லை. எழுது.

ரொவீனா

•

பாய்ஸி
ஏப்ரல் 25

ரொவீனா,

நிஜமாகத்தான் சொல்கிறேன். அவளுக்கு நான் கெடுதல் நினைத்தேன், ஆனால் இந்த மாதிரிக் கெடுதல் இல்லை. வழுக்கி விழ வேண்டும், ஊர் பிடிக்காமல் போய்விட வேண்டும், அந்த அளவுக்குத்தான்.

டுவெய்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தால் நல்லவனாகத்தான் தெரிவான். ஆனாலும் வண்டி நிற்கிறது என்றால் இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? தொப்பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தொப்பியை மட்டும் நம்பிச் சுடுகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு? சிறைக்கெல்லாம் அனுப்பமாட்டார்கள், சும்மா மிரட்டுவார்கள். வக்கீல் வைத்தால் சரியாகிவிடும். நீ இதில் தலையிடாமல் இரு.

நீயும் யோசித்துப் பார். இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது? என் தொப்பியை அவள் தலையில் வைத்த இடத்தில். கழற்றி மாட்டும்போது சொந்தச் சொத்தைப் போல அதை இரண்டு தட்டுத் தட்டினாளே, அதைப் பார்த்த பிறகும் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆணியில் தொங்குகிறது, பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு எழுதத் தோன்றியது. யார் முதலில் பொய் சொன்னது?

உடம்பைப் பார்த்துக்கொள். அவளுக்கு என் விசாரிப்பைச் சொல். வேண்டாம், சொல்லாதே.

ஐடெல்லா

•

கார்வர் ஃபெர்ரி
மே 1

ஐடெல்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் பழைய கடிதங்களில் என்னவெல்லாம் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். எந்தத் தொப்பி என்று நான் எழுதவில்லை. யார் மாட்டியது என்றும் எழுதவில்லை. அவள் அதைத் தட்டினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் ஆட்டையும் அப்படித்தான் தட்டுவாள்.

அந்த நேரம் மேலே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம் என்று நினைத்தேன். மூன்றாவதாக நீ எங்கே நின்றிருந்தாய்?

ஆணியில் தொங்குவதாக எழுதியது பொய். ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் அவள் நெற்றி தோலுரிந்து கிடந்தது, கையில் அகப்பட்டதைக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது ஒரு நொடி நீதான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு திரும்ப வாங்க மனம் வரவில்லை. நீ பாய்ஸிக்குப் போனாய், உன் முட்டி, உன் மகன், உன் வெள்ளை சோபா என்று எழுதினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு தடவை கேட்டாயா? ஜனவரி வரை நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்துக்கு மேலே நிறுத்திவிட்டு, இறங்காமலே திரும்பி வந்துகொண்டிருந்தேன். அவளோடு பேச எனக்குப் பிடிக்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

டுவெய்ன் சொல்வது உண்மை. அப்படித்தானே? அவனை நான் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்லிவிட்டேன். அவன் மனைவிக்கு முன்னால் சொன்னேன்.

ஷெரிஃபிடம் நான் போகப் போவதில்லை. நீதான் போக வேண்டும். தொப்பியைத் தபாலில் அனுப்பாதே. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி, கோர்ட்டுக் கட்டடத்தின் மேல்மாடி. படி அதிகம், உன் முட்டிக்குக் கஷ்டம்தான். வா.

ரொவீனா

•

பாய்ஸி
மே 6

ரொவீனா,

நாலு தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது.

வரவில்லை என்று உனக்கு எழுதியதிலிருந்தே வர வேண்டும் என்றிருந்தது. ஹக்கிள்பெர்ரிப் பழம் அடைத்து ஓவனில் ஒரு பை செய்தேன். செவ்வாய் உனக்குக் கடை விடுமுறை, முன்னால் போய் நின்று உன்னை அசத்த வேண்டும் என்று கிளின்ட்டின் காரை எடுத்தேன். வீட்டில் நீ இல்லை. எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

மேட்டில் காரை நிறுத்தியபோது நீங்கள் உன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். அவள் என்னவோ சொன்னாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ என்னோடு அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். அப்புறம் அவள் என் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றினாள், மாட்டினாள், தட்டினாள். இரண்டு பேரும் சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள்.

நான் கம்பத்துக்கு நடந்து போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தொப்பிதான் தெரிந்தது, கம்பம் தெரியவில்லை. என் பொருளை எடுத்தேன், தலையில் வைத்தேன், காரில் ஏறினேன். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். ஊரில் ஒவ்வொருவனுக்கும் விரலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அங்கே வந்து சொல்ல வாய் வராது. பெரிய ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் டுவெய்னின் வண்டி எதிரே வந்தது. நம் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன். என் தலையில் தொப்பி இருந்தது. அவன் மீன் பிடிக்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியில் தூண்டில் இல்லை, அதையும் பார்த்தேன். திரும்பியிருந்தால் போதும். ஆனால் திரும்பினால் அவளிடம் தொப்பியைக் கொடுக்க வேண்டும்.

வழியில் ஓரிடத்தில் நிறுத்திப் பாதி ஹக்கிள்பெர்ரி பையைத் தின்றேன். அப்போது அவள் அங்கே ரத்தத்தோடு கிடந்திருப்பாள்.

இப்போதும் எனக்குப் பொறாமைதான், ரொவீனா. அவள் கையில் கட்டு, நீ அவள் ஆட்டுக்குப் பால் கறக்கப் போகிறாய் என்று வெர்னா போனில் சொன்னாள். எனக்கு அதற்கும் எரிகிறது. எவ்வளவு கேவலமான பிறவி என்று பார்த்துக்கொள்.

பஸ்ஸில் வருகிறேன். கிளின்ட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஐடெல்லா

•

கார்வர் ஃபெர்ரி
மே 18

ஐடெல்லா,

அன்றைக்கு உன்னோடு நான் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். ஆனால் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்ததைப் பார்த்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், வெர்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ போன பிறகு நடந்தவற்றைச் சொல்ல வேண்டும். தொப்பியை எடுத்தது நான்தான் என்று நீ கோர்ட்டில் சொன்னதால் டுவெய்ன் மேல் இருந்த வழக்கை விட்டுவிட்டார்கள். துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதை விற்கப் போகிறானாம். அவன் மனைவியிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. உன் மேல் என்ன நடவடிக்கை என்று அடுத்த மாதம் சொல்வார்கள். அபராதத்தோடு போகும் என்று வக்கீல் சொல்கிறார்.

செலெஸ்ட் மனுவைத் திரும்பப் பெறத் தயாராகத்தான் இருந்தாள். அலுவலகம் கேட்கவில்லை. அடிபட்ட இடம் என்பதால் மூடியது மூடியதுதான் என்கிறார்கள். இனி ஒரு டின்னைச் சுட வேண்டுமென்றால் நானும் உன்னைப் போலக் கட்டடத்துக்குள்தான் போக வேண்டும். நீ அவளிடமிருந்து காப்பாற்ற நினைத்த பள்ளத்தை மூடியது அவள் இல்லை.

கோர்ட்டு வாசலில் நீ அவளுக்கு முன்னால் போய் நின்று, தொப்பியை நீட்டி, "உங்களுக்கு வேணும்னா வச்சுக்கோங்க" என்றாய். அவள் வாங்கவில்லை. காரில் வரும்போது என்னிடம் கேட்டாள். "அவங்க எப்பவுமே உங்களை இப்படித்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்களா?" ஆமாம் என்றேன். "என்னை யாரும் அப்படிப் பாத்தது இல்லை" என்றாள். அதை வைத்து நீ என்ன செய்வாயோ செய்.

நேற்று ஞாயிறு. பழக்கத்தில் செலெஸ்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சங்கிலிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பார்த்தால், கம்பத்தில் தொப்பி தொங்குகிறது. பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த முட்டியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குச் சொல்கிறாய் போலிருக்கிறது.

நான் அதை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். காற்றில் ஆடுகிறது, இந்த வெயிலில் வெளுத்துவிடும். செலெஸ்ட் எடுக்கப் போனாள், வேண்டாம் என்று சட்டத்தைச் சொன்னேன். மாட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். செலெஸ்டும் இருப்பாள். அதைப் பொறுத்துக்கொள்வது உன் பாடு.

ஹக்கிள்பெர்ரி பையை முழுசாகக் கொண்டு வா.

ரொவீனா